சங்கிலி ஜெபத்தில் என் முறை

சபையில ஜெபம் பண்ண எழுந்து நின்னா என் தமிழே மாறிப் போயிடும். தேவரீர்ம்பேன், அடியாள்ம்பேன், கிருபை கூர்ந்தருளும்ம்பேன். எங்கேருந்து வருதுன்னே தெரியாது, தானா வரும். கூட்டம் முடிஞ்சி கீழ எறங்கி செருப்ப மாட்டனதும், "இன்னாப்பா ஷேர் ஆட்டோ, ஏத்துவியா மாட்டியா?" இதுவும் அதே வாய்தான். என் பொண்ணு இத்த வெச்சி என்ன ஓட்டிகினே இருப்பா. "எம்மா, உனுக்கு ரெண்டு வாய் கீது. ஒண்ணு சபைக்கு, ஒண்ணு வூட்டுக்கு." நானும் கூட சேர்ந்து சிரிப்பேன். அப்ப அது சிரிக்கற விஷயமாதான் இருந்துச்சு.

எங்க சபை திருவொற்றியூர்ல ஒரு லேத்து பட்டறைக்கு மேல, மாடியில. வாரநாள்ல கூட்டம் வெச்சா கீழ இரும்பு கடையற சத்தம் காத கிழிக்கும். அதுக்கு மேல சத்தம் போட்டாதான் நாம ஜெபிக்கறது நமக்கே கேக்கும். அப்படியே எல்லாருக்கும் பழகிப் போச்சு. வூட்ல தனியா முட்டி போட்டாலும் எனுக்கு வாய் வுட்டுதான் வரும். மனசுக்குள்ளயே ஜெபம் பண்றவங்கள பாத்தா எனுக்கு ஆச்சரியமா இருக்கும். எனுக்கு அது ஜெபம் பண்ண மாதிரியே தோணாது.

காலையில இடியாப்பம், ஆப்பம் போட்டு விக்கறது என் பொழப்பு. எண்ணூர் ரோட்ல கன்டெய்னர் லாரிங்க வரிசை கட்டி நிக்கும்ல, அந்த டிரைவருங்கதான் பாதி வியாபாரம். சாயங்காலம் ஆனா சபை வேலை. யாரு வூட்லனா உடம்பு சரியில்லன்னா, புருஷனுக்கு வேலை போச்சுன்னா, கல்யாணம் தட்டிகினே போச்சுன்னா, ஒடனே என்னதான் அனுப்புவாங்க. போய் பக்கத்துல உக்காந்து, கைய புடிச்சிகினு, "ஆண்டவரு பாத்துப்பாரு சிஸ்டர், நீங்க சும்மா பேஜாராவாதீங்க"ன்னு சொல்வேன். நல்லாவும் சொல்வேன். அழுதுகினு இருந்தவங்க எழுந்து டீ போட்டு குடுத்து அனுப்புவாங்க. அந்த டீய குடிச்சிட்டு வரும்போது எனுக்கே ஒரு பெருமையா இருக்கும், பொய் சொல்லக் கூடாது.

என் வூட்டுக்காரரு வெல்டரு. பொண்ணு ஸ்கூல் படிக்கும்போது அரபு நாட்டுக்கு வேலைக்குப் போனாரு. அவரு போவணும்னு இதே சபைதான் ஜெபிச்சுது. எல்லாரையும் வுட அதிகமா ஜெபிச்சது நானு. விசா வந்த அன்னிக்கி மைக்க புடிச்சி, ஆண்டவரு செஞ்ச நன்மைன்னு சாட்சி சொன்னேன், எல்லாரும் கைதட்டினாங்க. போனவரு பொட்டியில வந்தாரு. வேலை செய்யற எடத்துலயே நெஞ்சு வலி. ஏர்போர்ட்ல சரக்கு வர்ற பக்கமாப் போய் கையெழுத்துப் போட்டு அவர வாங்கிகினு வந்தேன். அடக்கத்துல நான் அழவே இல்ல. பொண்ணு பயந்துக்கப் போவுதேன்னு பல்ல கடிச்சிகினு நின்னேன். எல்லாரும் அத்த விசுவாசம்னாங்க. இந்தம்மாவுக்கு எவ்ளோ தைரியம் பாருன்னாங்க. அதுக்கப்புறம்தான் ஆறுதல் சொல்ற வேலைக்கு என்ன அனுப்ப ஆரம்பிச்சதே. ஆண்டவரு மேல எனுக்கு எவ்ளோ கோவம்னு ஒருத்தருக்கும் தெரியாது. ஆண்டவருகிட்ட கூட நான் அத்த சொல்லல.

பொண்ணு நர்சிங் படிச்சா. ராயபுரம் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில வேலை. ஒருநாள் ட்யூட்டி முடிஞ்சி வந்து, யூனிபார்ம கூட மாத்தாம, "எம்மா, நான் ஜெர்மனிக்குப் போவப் போறேன்"னா. அவகூட வேலை செய்யற பொண்ணுங்க ரெண்டு மூணு பேரு போயிட்டாங்களாம். மொதல்ல அவங்க பாஷையில பரீட்சை எழுதி பாஸாவணுமாம். படிக்கறது, எழுதறது, காதால கேட்டு பதில் சொல்றது, பேசறது, நாலு பாகம்.

வூடு பூரா ஜெர்மன் பாஷைதான் அப்புறம். சமைக்கும்போது, துணி தொவைக்கும்போது, பல்லு வெளக்கும்போது. தெர், தீ, தாஸ், தெர், தீ, தாஸ். ஒவ்வொரு வார்த்தைக்கும் முன்னாடி இதுல ஒண்ணு வருமாம். "இன்னாடி இது, தொண்டையில முள்ளு மாட்டிகினா மாதிரி கீது, இத்தயா அந்த ஊர்ல மனுஷங்க பேசறாங்க?"ன்னு கேட்டேன். வுழுந்து வுழுந்து சிரிச்சா. அவளோட சேர்ந்து நானும் சிரிச்சேன், உள்ளார பயந்துகினே.

போவாதன்னு நான் ஒரு வார்த்த சொல்லல. எப்படி சொல்றது? ஊர் பூரா போய் பயப்படாதீங்க, நம்புங்கன்னு சொல்றவ, சொந்தப் பொண்ண பாத்து பயமா கீது போவாதன்னு சொல்றதா? "ஆண்டவரு சித்தம்டி, போய்ட்டு வா"ன்னேன். என் பொண்ணு என்ன கட்டிப் புடிச்சிகினு, "நீ அழுவ, சண்ட போடுவன்னு நெனச்சேம்மா"ன்னா. சண்ட போட்டிருக்கணும். அன்னிக்கே ஒயுங்கா ஒரு சண்ட போட்டிருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்காது.

பரீட்சைக்கு முந்தின நாள் சபையில சங்கிலி ஜெபம் வெச்சாங்க. அது எங்க பழக்கம். விடியக்காலைலேருந்து பொழுது சாயற வரிக்கும், ஆளுக்கு ஒரு மணி நேரம், அவங்கவங்க வூட்லயே முட்டி போடணும். நம்ம நேரம் முடிஞ்சதும் அடுத்த ஆளுக்கு போன் போட்டு, "ஸ்தோத்திரம் சிஸ்டர், சங்கிலி உங்க கையில"ன்னு சொல்லி ஒப்படைக்கணும். நடுவுல அறுந்துடக் கூடாது. அறுந்தா அதுவரிக்கும் ஜெபிச்சதெல்லாம் போச்சுன்னு யாரும் சட்டம் போடல, ஆனா எல்லாருக்கும் அப்படி ஒரு பயம் உண்டு. பெத்தவ நானு, கடைய முடிச்சிட்டு வந்து மத்தியானத்துல என் முறை.

பொண்ணு அடையாள அட்டைய ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்தா. தோழியையும் பாத்துட்டு வர சாயங்காலம் ஆவும்னு சொல்ட்டுதான் போனா. சமையக்கட்டு கதவ சாத்திட்டு, உள்ள பாய விரிச்சி முட்டி போட்டேன். ஆரம்பத்துல எல்லாம் நல்லாதான் வந்துச்சு. சர்வ வல்லமையுள்ள தேவரீர், இந்தப் பிள்ளைக்கு ஞானத்தைத் தந்தருளும், வழியைத் திறந்தருளும்... சொல்லிகினே போறேன், வார்த்தயெல்லாம் என் வாயிலேருந்து வருது, எனுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. யாரு வூட்டுப் பொண்ணுக்கோ ஜெபிக்கற மாதிரி. அப்படியே நின்னு போச்சு. கொஞ்ச நேரம் கொழாயில தண்ணி சொட்டறத கேட்டுகினு இருந்தேன்.

அப்புறம் வேற வாய் தொறந்துகிச்சு.

"ஆண்டவரே, வேணாம். அவள அனுப்பாத. அவ அப்பன நம்பி அனுப்பனேன், பொட்டியில போட்டு திருப்பி குடுத்த. கையெழுத்து போட்டு வாங்கிகினு வந்தேன், ஞாபகம் கீதா உனுக்கு? இவளயும் குடுக்க மாட்டேன். நாளைக்கு அவ வாயில வார்த்த வராம போவட்டும். பெயிலாவட்டும். உனுக்கு இன்னா, ஊருபட்ட பொண்ணுங்க கீறாங்க. எனுக்கு இவ ஒருத்திதான கீறா!"

அழுதேன். அவரு செத்தப்போ அழாததையும் சேத்து அழுதேன். நெத்திய தரையில வெச்சிகினு, ஒப்பாரி வெக்கறவ மாதிரி சத்தம் போட்டு அழுதேன். போன்ல அலாரம் அடிச்சதும் மூக்க சிந்தி, மூஞ்ச தொடச்சிகினு, அடுத்த சிஸ்டருக்கு போன் போட்டேன். "ஸ்தோத்திரம் சிஸ்டர், சங்கிலி உங்க கையில." அவங்க, "கொரல் கம்மியிருக்கே, ரொம்ப பாரத்தோட ஜெபிச்சீங்களா?"ன்னாங்க. ஆமா சிஸ்டர்னேன்.

எழுந்து கூடத்துக்கு வந்தா, மொட்ட மாடிக் கொடியில கெடந்த துணியெல்லாம் மடிச்சி கட்டில் மேல கீது. எங்க பக்கம் துணிய ரொம்ப நேரம் வெளிய வுட்டா கரித்தூள் படிஞ்சிடும், அதனால எடுத்துடுவேன். நான்தான் எப்பவோ எடுத்து வெச்சிட்டேன் போல, மூளை எங்க கீது எனுக்குன்னு நெனச்சிகினு அடுப்ப பத்த வெச்சேன்.

மறுநாள் பரீட்சை எழுதிட்டு வந்தவ செருப்ப அவுத்துகினே சொன்னா. "மத்ததெல்லாம் பரவால்லம்மா. பேசற பாகத்துல வாயடச்சிப் போச்சு. தெரிஞ்ச வார்த்ததான். வாயில வரல."

வாயில வார்த்த வராம போவட்டும். அப்படியே, நான் கேட்ட மாதிரியே, ஒரு எழுத்து மாறாம. இத்தினி வருஷமா எத்தினியோ கேட்டேன் இவருகிட்ட, எதுக்கெல்லாமோ உபவாசம் இருந்தேன், அதெல்லாம் காதுல வாங்காதவரு இத்த மட்டும் ஒடனே கேட்டுட்டாரா?

அப்புறம் ரிசல்ட் வந்துச்சு. மூணு பாகத்துல பாஸ், பேசறதுல பெயில். அன்னிக்கி சாயங்காலம் எனுக்கு இன்னா தோணுச்சுன்னு மறைக்காம சொல்லணும்னா, சந்தோஷம். ஆமா, சந்தோஷமாதான் இருந்துச்சு. எறா வாங்கியாந்து தொக்கு வெச்சேன். அவளுக்குப் புடிக்கும். அவ சோத்த பெசஞ்சிகினே இருந்தாளே தவிர துன்னல. அப்புறம் டீ கிளாஸ கையில உருட்டிகினே, அத்தயே பாத்துகினு சொன்னா: "நீ ஜெபம் பண்ணதெல்லாம் வீணாப் போச்சேன்னு நெனக்காதம்மா. ஆண்டவரு மேலயும் கோவப்படாத. நான் மறுபடி எழுதறேன்."

எறாத் தொக்கு எனுக்கு அப்பவே கசந்து போச்சு. தோத்தவ அவ. ஆறுதல் சொல்றவளும் அவளே. ஊருக்கே ஆறுதல் சொல்ற மகராசி நான், வாய்ல கொழுக்கட்டய அடச்சிகினா மாதிரி உக்காந்துகினு இருந்தேன். எந்த வூட்லனா ஒரு தாய் பெத்த பொண்ணு தோக்கணும்னு முட்டி போடுவாளா? கஸ்மாலம், நீயெல்லாம் ஒரு அம்மாவான்னு என்ன நானே திட்டிகினேன்.

அதோட வுட்டுச்சா? சபையில ஒரு சர்க்கரக்கார சிஸ்டர். வயசானவங்க, ரயில்வே கேட்டாண்ட வூடு. சங்கிலி ஜெபத்துல எனுக்கு முந்தின முறை அவங்களுது. ஒருநாள் மூச்சு வாங்க வந்து என் கால்மாட்டுல உக்காந்துகினு அழறாங்க. "சிஸ்டர், என்ன மன்னிச்சிடுங்க. அன்னிக்கி மாத்திரைய போட்டுட்டு முட்டி போட்டேன், அப்படியே தூங்கிட்டேன். முழிச்சி பாத்தா என் நேரம் முடியப் போவுது. ஒண்ணும் சொல்லாம உங்களுக்கு போன் போட்டுட்டேன். சங்கிலி என்னாலதான் அறுந்துச்சு. உங்க பொண்ணு பெயிலானதுக்கு நான்தான் காரணம்."

அதுக்குப் பரிகாரமா வெள்ளிக்கெழமையெல்லாம் பட்டினி கெடக்கறாங்களாம். சர்க்கரை ஒடம்பு! போன வாரம் ரேஷன் கடையில தலை சுத்தி வுழுந்துட்டாங்களாம்.

நான் இன்னா பண்ணேன்? உள்ள போய் இடியாப்பத்த கொண்டாந்து, தேங்காப்பால ஊத்தி, சர்க்கரை போடாம, துன்னுங்க சிஸ்டர்னேன். "தூங்கினதுக்கெல்லாம் ஆண்டவரு பழி வாங்குவாரா? அவரு இன்னா மேஸ்திரியா? நீங்க மொதல்ல பட்டினி கெடக்கறத நிறுத்துங்க"ன்னேன். சொன்னது அத்தினியும் சரிதான். சொன்ன வாய்தான் சரியில்ல. நீங்க இல்ல சிஸ்டர், நானுன்னு சொல்ல நுனி நாக்கு வரிக்கும் வந்துச்சு. வந்து, அங்கியே ஒட்டிகினுச்சு. அவங்க துன்னுட்டு, கண்ண தொடச்சிகினு, "உங்க வாயால கேட்டாதான் சமாதானமா இருக்குது"ன்னு சொல்ட்டுப் போனாங்க.

அதுக்கப்புறம் ஆறுதல் சொல்லப் போவறத நிறுத்திட்டேன். முட்டி வலின்னு டபாய்ச்சேன். வெள்ளிக்கெழமை கூட்டத்துல எழுந்து ஜெபிக்க சொன்னா தொண்டை சரியில்லன்னேன். வூட்ல முட்டி போட்டாலும் வாய் தொறக்க பயமா இருந்துச்சு. இன்னா கேட்டுத் தொலைப்பேனோ, அத்தயும் குடுத்துத் தொலைப்பாரோன்னு.

மீன் விக்கற தோஸ்து ஒருத்தி கீறா எனுக்கு. குப்பத்துக்காரி. தெனம் கூடைய எறக்கி வெச்சிட்டு என் கடையில நாஷ்டா துன்னுட்டுதான் போவா. அவ கும்புடறது வேற சாமி, ஆனா எங்க சபையில யாரு யாருகூட பேசறதில்லன்னு கூட அவளுக்குத் தெரியும். "இன்னாமே, மூஞ்சி காஞ்ச கருவாடு மாதிரி கீது? ஆளே சரியில்லயே"ன்னு நோண்டினா. சபையில ஒருத்தர்கிட்ட சொல்ல முடியாதத அவகிட்ட கொட்டிட்டேன். முழுசும்.

ஆப்பத்த பிச்சி வாயில போட்டுகினே கேட்டா. கடைசியில, "ஐய, நீ சொன்னா ஒடனே கேட்டுடறதுக்கு உன் சாமி இன்னா உன் வூட்டு வேலைக்காரனா?"ன்னா. "நீ பாட்டுக்கு பயத்துல ஒளறுவ. அவரு அதுக்கெல்லாம் ஆடிகினு இருந்தா உலகம் தாங்குமா மே? எங்க வூட்டாளு குடிச்சிட்டு வந்து ராவடி பண்ணும்போது நான் சாமியாண்ட இன்னா இன்னா கேட்டிருப்பேன்! நல்லவேளை, அது காதுல வாங்கல."

எனுக்கு சிரிப்பு வந்துடுச்சு. அவ சிரிக்கல. கைய கழுவிகினே சொன்னா: "சாமி காதுல வுழுந்தா ஒண்ணும் இல்ல மே. போற மனுசன் காதுல வுழக் கூடாது. எங்க ஆளு கடலுக்கு போட்ட தள்ளும்போது திரும்பி வருவாரான்னுதான் தோணும். தெனம் தோணும். இத்தினி வருஷத்துல ஒருநாளும் போவாதய்யான்னு சொன்னதில்ல, பின்னால நின்னு கூப்புட்டதும் இல்ல. கூப்புட்டா அந்த வார்த்த அவரு கூடவே போட்ல ஏறிக்கும். அங்க அலையில கை ஒதறும்." அவ கூடைய தலைக்கு ஏத்திகினு போயிட்டா. எனுக்கு அது பாதிதான் வெளங்குச்சு. என் பொண்ணு காதுல எங்க வுழுந்துச்சு, அவதான் வூட்லயே இல்லியேன்னு நெனச்சிகினேன்.

பொண்ணு மறுபடி பணம் கட்டி, மறுபடி படிச்சா. இந்த தடவ வூட்ல சத்தமே இல்ல. தெர் இல்ல, தீ இல்ல. காதுல ஒயர மாட்டிகினு உதட்ட மட்டும் அசைப்பா. நான் உள்ள வந்தா அதுவும் நின்னுடும். வேலை அலுப்புன்னு நெனச்சேன். ஒருநாள் சபையில அந்த சர்க்கரக்கார சிஸ்டர் என் கைய புடிச்சிகினு, "உங்க பொண்ணு என் வூட்டுக்கு வந்துச்சு சிஸ்டர். நான் மறுபடி பட்டினி கெடக்கறேன்னு யாரோ சொல்லிட்டாங்க போல. சத்தியமா உங்களால இல்ல ஆன்ட்டி, எனுக்கு நல்லா தெரியும்னு சொல்லிச்சு. எப்படித் தெரியும்னு கேட்டேன், அதுக்கு மட்டும் பதில் சொல்லல. கஞ்சி வெச்சி குடிக்க வெச்சிட்டுதான் போச்சு"ன்னாங்க. நான் போவ வேண்டிய வூடு அது. நான் வெக்க வேண்டிய கஞ்சி. தலைய குனிஞ்சிகினு கேட்டுகினேன்.

ரெண்டாவது பரீட்சைக்கும் சங்கிலி ஜெபம் வெக்கலாம்னாங்க. வேணாம் சிஸ்டர், எல்லாருக்கும் சிரமம்னு தட்டி வுட்டுட்டேன். பொண்ணுகிட்ட உண்மைய சொல்லிடணும்னு ரெண்டு மூணு தடவ பக்கத்துல போய் உக்காந்தேன். பரீட்சைக்கு முன்னாடி சொன்னா அவ மனசு கெடும், முடிஞ்சப்புறம் சொல்லிக்கலாம்னு எழுந்து வந்துட்டேன். எனுக்கு நானே சொல்லிகின சாக்குதான் அது.

பரீட்சை நாள் காலையில கடைய போடல. அவளுக்கு மட்டும் இடியாப்பம் பிழிஞ்சி டப்பாவுல போட்டு மேசை மேல வெச்சேன். குளிச்சி, தலைய பின்னிகினு, பைய மாட்டிகினு வந்தா. வந்தவ கதவாண்ட நின்னு, பைய எறக்கி வெச்சிட்டு, என் முன்னாடி முட்டி போட்டுட்டா.

"எம்மா, தலை மேல கைய வெச்சி ஜெபம் பண்ணு."

"டிரெய்னுக்கு டைம் ஆவுதுடி"ன்னேன். "அடுத்த டிரெய்ன் கீது. பண்ணும்மா"ன்னா. வேற வழியில்லாம கைய வெச்சேன். எண்ணெ வெச்ச தலை, சூடா இருந்துச்சு. கண்ண மூடிகினு ஆரம்பிச்சேன். "பரலோகத்தில் வாசம் பண்ணுகிற எங்கள் தேவனே, இந்தப் பிள்ளையைத் தேவரீர் கிருபையாய்..."

"எம்மா."

கண்ண தொறந்தேன். அவ தொறக்கல.

"அந்தத் தமிழ் வேணாம். வூட்டுத் தமிழ்ல சொல்லு. அன்னிக்கி சமையக்கட்டுல சொன்னியே, அந்த மாதிரி."

அவ தலை மேலேருந்து கைய எடுத்துட்டேன்.

"ஜெராக்ஸ் கடை மூடியிருந்துச்சும்மா. சீக்கிரம் வந்துட்டேன். நீ ஜெபத்துல கீறியேன்னு கதவ தட்டாம, மாடிக்குப் போய் துணிய எடுத்தாந்தேன். படியில நின்னேன். சமையக்கட்டு ஜன்னல் தொறந்து இருந்துச்சு. சபையில நீ ஜெபிக்கறத கேட்டா எனுக்கு தூக்கம் வரும். அன்னிக்கி வூட்டுத் தமிழ்ல கேட்ட. அதான் நெசமா கேக்கறன்னு தெரிஞ்சிச்சு. நீ மூஞ்ச தொடச்சிகினு போன்ல பேசும்போது துணிய கட்டில்ல வெச்சிட்டு வெளிய போயிட்டேன்."

ஆண்டவரே! கட்டில் மேல மடிச்சி வெச்ச துணி. டீ கிளாஸ பாத்துகினே சொன்ன பேச்சு. அந்த சிஸ்டருக்கு அவ செஞ்ச சத்தியம். எல்லாம் அப்பதான் எனுக்கு வெளங்குச்சு. ஆண்டவரு அத்த கேட்டாரா, கேட்டுட்டு குடுத்தாரான்னு மாசக்கணக்கா நான் மண்டய ஒடச்சிகினு கீறேன். கேட்டுகினு நின்னது என் பொண்ணு. அந்த வார்த்தய காதுல வாங்கிகினுதான் பரீட்சைக்குப் போயிருக்கா.

"அதனாலதான் வாயடச்சிப் போச்சாடி?"ன்னேன்.

"தெரியலம்மா. பரீட்சை எடுக்கற அம்மா எதிர்ல உக்காந்து கேள்வி கேக்கறாங்க, எனுக்கு உன் சத்தம்தான் கேக்குது. கோவமா வந்துச்சு. ரொம்ப கோவம். வூட்டுக்கே வரக் கூடாதுன்னு பீச் ரயில்வே ஸ்டேஷன்ல உக்காந்துகினு இருந்தேன்." அப்பதான் கண்ண தொறந்தா. "அப்பாவுக்காக நீ அழுது நான் பாத்ததே இல்ல. உனுக்கு அழுகயே வராதுன்னு நெனச்சிகினு இருந்தேன். அன்னிக்கிதான் கேட்டேன்."

நான் அப்படியே கீழ உக்காந்துட்டேன். அவ எதிர்ல, தரையில. மன்னிச்சிடுடின்னு சொன்னேன். ஒரு தடவ இல்ல, வாய் வலிக்கற வரிக்கும் சொன்னேன். அவ என் கைய எடுத்து, மறுபடி அவ தலை மேலயே வெச்சிகினா.

"டைம் ஆவுது, சொல்லு. மனசுல இன்னா கீதோ அத்த சொல்லு. போவக் கூடாதுன்னு இருந்தா அத்தயே சொல்லு. என் எதிர்ல சொல்லு, அவ்ளோதான்."

சொன்னேன். "ஆண்டவரே, எனுக்கு இவள அனுப்ப இஷ்டமில்ல. உனுக்கும் தெரியும், இவளுக்கும் தெரியும். பயமா கீது. உன்ன நம்புங்கன்னு ஊர் பூரா சொல்லிகினு திரியறேன், இவ விஷயத்துல எனுக்கு நம்பிக்கை வரல. வர்ற வரிக்கும் என்ன பொறுத்துக்கோ. இவ அப்பன பத்தி உங்கிட்ட கேக்க வேண்டியது நெறய கீது, அத்த நாம அப்புறம் வெச்சிக்கலாம். இப்ப இவ போறா. இவ வாய கட்டுன்னு கேட்டது நானு. அவுத்து வுடு. நல்லா பேசட்டும். பாஸாவட்டும். நான் எப்படியோ இருந்துக்கறேன். என்னயும் நீதான் பாத்துக்கணும்."

"ஆமென்"னா. சபையில, கீழ லேத்து ஓடும்போது சொல்ற மாதிரி சத்தமா சொன்னா. எழுந்து, முட்டியில ஒட்டின மண்ண தட்டிகினு, என் கன்னத்த தொடச்சி வுட்டுட்டு, பைய மாட்டிகினு கெளம்பிட்டா.

வாசல்ல நின்னு பாத்தேன். லாரி வரிசைக்கு நடுவுல பூந்து ஸ்டேஷன் பக்கமா வேகமா போறா. உதடு அசையறது பக்கவாட்டுல தெரிஞ்சிது. தெர், தீ, தாஸா இருக்கும். அப்பதான் திரும்பி பாத்தேன், இடியாப்ப டப்பா மேசை மேலயே கீது. ஏய்னு கூப்புட வாய் தொறந்துடுச்சு. நான் கூப்புட்டா தெரு மொனை என்ன, ரயில்வே கேட்டு வரிக்கும் கேக்கும். மீன்காரி தோஸ்து சொன்னது ஞாபகம் வந்துச்சு, வாய மூடிகினேன். அவ தெரு மொனை திரும்பற வரிக்கும் நின்னு பாத்துட்டு, உள்ள வந்து உக்காந்து, அந்த இடியாப்பத்த நானே துன்னேன்.